பல்லின் உயிர் எங்கே இருக்கிறது? சீரமைப்பும் காயமுற்ற பல்லின் காப்பும் பிரிந்து சேர்ந்த வரலாறு

சுசுருத சம்ஹிதையின் சிகிச்சா ஸ்தானத்தில், எலும்பு முறிவுகளைப் பேசும் மூன்றாம் அத்தியாயத்தில், பற்களைக் குறித்த சிறு விதி ஒன்று இடம்பெறுகிறது. அடிபட்டு அசைந்து இரத்தம் கசியும் பல் முறியாமல் இருக்குமானால், இளையவருக்கு அதை அதன் இடத்திலேயே அழுத்தி அமர்த்த வேண்டும். வெளிப்புறத்தில் குளிர்ந்த பூச்சு இட வேண்டும். நோயாளி குவளைத் தண்டின் வழியே பாலை உறிஞ்சிப் பருக வேண்டும். முதியவரின் ஆடும் பல்லையோ மருத்துவர் சிகிச்சைக்கு ஏற்காமல் விட்டுவிட வேண்டும்.

இவ்விதியில் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன. இடம் பெயர்ந்த பல்லை மீண்டும் இடத்துக்குக் கொண்டுவருதல் ஒன்று. கடிக்கும் விசையிலிருந்து அதற்கு ஓய்வு தருதல் மற்றொன்று. வயதைக் கொண்டு விளைவை முன்கணித்தல் மூன்றாவது. இன்றைய பல் மருத்துவப் பாடத்திட்டத்தில் இவை வெவ்வேறு துறைகளின் பாடங்கள். பல்லை நகர்த்துவது சீரமைப்புத் துறையின் பணி. காயமுற்ற அல்லது நோய்த்தொற்றுற்ற பல்லின் உட்புறத்தைக் காப்பது வேர்சிகிச்சைத் துறையின் பணி. வளரும் குழந்தையின் வாயைக் கவனிப்பது குழந்தைப் பல் மருத்துவத்தின் பணி. சம்ஹிதையின் ஆசிரியருக்கு இப்பிரிவினை தெரியாது. அது எப்போது, எக்காரணங்களால் தோன்றியது, பின்னர் எந்த இடத்தில் தளர்ந்தது என்பது பல் மருத்துவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத அத்தியாயம்.

1. ஒரே கையில் இருந்த மூன்று தொழில்கள்

பிரிவினையற்ற நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பொது ஆண்டு முதல் நூற்றாண்டில் உரோமைச் சேர்ந்த செல்சஸ், அடிபட்டு ஆடும் பற்களை உறுதியான பற்களோடு பொன் கம்பியால் கட்டச் சொன்னார். பால்பல் விழாமல் நிற்க, நிலைப்பல் தவறான இடத்தில் முளைத்தால், பால்பல்லை அகற்றிவிட்டுப் புதுப்பல்லை நாள்தோறும் விரலால் அழுத்தி உரிய இடத்துக்குத் தள்ளலாம் என்றும் எழுதினார். இரு அறிவுரைகளும் ஒரே நூலின் ஒரே அத்தியாயத்தில் உள்ளன.

1728இல் பாரிசில் வெளிவந்த பியர் ஃபோஷாரின் பெருநூலும் அத்தகையதே. வளைவான உலோகப் பட்டை ஒன்றில் பற்களை நூலால் கட்டி வரிசைப்படுத்தும் முறை அதில் விவரிக்கப்படுகிறது. சீழ் கட்டிய பல்லைத் துளைத்து வடியவிடும் முறையும், பிடுங்கப்பட்ட பல்லை அதன் குழியிலேயே மீண்டும் நடும் முறையும் அதே நூலில் உள்ளன. கோணலான பல்லை இடுக்கியால் ஒரே அசைவில் திருப்பி, அண்டைப் பற்களோடு கட்டி நிறுத்தும் துணிச்சலான உத்தியையும் ஃபோஷார் கையாண்டார். அதாவது, சீரமைப்பதற்காகவே பல்லுக்குத் திட்டமிட்ட காயம் ஒன்றை உண்டாக்கினார். பல்லை நகர்த்துவதும் பல்லைக் காயப்படுத்துவதும் ஒரே நிகழ்வின் இரு அளவுகள் என்பது அக்கால வைத்தியருக்குக் கைப்பழக்கத்தால் தெரிந்திருந்தது. அதன் காரணம் தெரிய மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின.

2. தலைப்பிலிருந்து மறைந்த சொல்

நவீன சீரமைப்பு மருத்துவத்தின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிள் 1900இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பின் தலைப்பு, பற்களின் பொருந்தாக்கடியையும் மேல்தாடை முறிவுகளையும் சேர்த்தே குறிப்பிட்டது. 1907இல் வந்த ஏழாம் பதிப்பின் தலைப்பில் முறிவுகள் இல்லை. பொருந்தாக்கடி மட்டுமே எஞ்சியது. ஒரு துறை தன் எல்லையைத் தானே வரைந்துகொண்டதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் அரிது.

இதற்கு நிறுவன வரலாறும் உண்டு. 1900இல் செயின்ட் லூயி நகரில் ஆங்கிள் தனிப் பள்ளியைத் தொடங்கினார். பொதுப் பல் மருத்துவத்திலிருந்து விடுபட்ட முழுநேரத் தொழிலாகச் சீரமைப்பு இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. அதனால் சீரமைப்பு பெற்ற நன்மைகள் பல: வகைப்பாடு, கருவிகள், பயிற்சி ஒழுங்கு. அது இழந்ததும் ஒன்று உண்டு. சிதைந்த பல்லும் சீழ் பிடித்த வேரும் அதன் அன்றாடப் பார்வையிலிருந்து நீங்கின. நல்ல பற்கள் தவறான இடத்தில் இருப்பதே அத்துறையின் வினாவாயிற்று. கெட்ட பல் சரியான இடத்தில் இருந்தால் என்ன செய்வது, கெட்ட பல் தவறான இடத்தில் இருந்தால் என்ன செய்வது என்ற வினாக்கள் பிறருக்கு விடப்பட்டன.

அந்தப் பிறரும் அக்காலத்தில் நெருக்கடியில் இருந்தனர். 1910இல் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹண்டர், அழுகிய வேர்களின் மேல் பொன்னுறைகளையும் பாலங்களையும் கட்டும் வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். வாயில் ஒளிந்திருக்கும் நோய்த்தொற்றே மூட்டுவலி முதலான பல உடல்நோய்களுக்கு மூலம் என்ற குவியத் தொற்றுக் கொள்கை அதன்பின் வேகமாகப் பரவியது. 1923இல் வெஸ்டன் பிரைஸ் வெளியிட்ட ஆய்வுகள் அதற்கு மேலும் வலுச்சேர்த்தன. விளைவாக, உயிரற்ற பல் எனக் கருதப்பட்டது எதுவாயினும் பிடுங்கப்பட்டது. வேர்சிகிச்சை பல கல்லூரிகளில் மதிப்பிழந்தது.

இவ்விரு போக்குகளையும் அருகருகே வைத்தால் ஒரு முரண் புலப்படும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில், அதே அமெரிக்காவில், ஆங்கிளின் மாணவர்கள் ஒரு பல்லையும் பிடுங்காமல் முழு வரிசையையும் காப்பதைக் கொள்கையாகக் கொண்டிருந்தனர். அடுத்த அறையில் இருந்தவர்களோ உயிரற்ற பல் அனைத்தையும் பிடுங்கினர். 1940ஆம் ஆண்டளவில் இந்நிலை தலைகீழானது. ஆங்கிளின் மாணவரான சார்ல்ஸ் ட்வீட், நலமான முன்கடைவாய்ப் பற்களை அகற்றிச் செய்த சீரமைப்பின் பலன்களை வெளிப்படையாகக் காட்டத் தொடங்கினார். அதே 1940இல் லூயி கிராஸ்மன் வேர்சிகிச்சைக்கான பாடநூலை வெளியிட்டார். 1943இல் அமெரிக்க வேர்சிகிச்சையாளர் சங்கம் பிறந்தது. ஒரு துறை நலமான பல்லை விட்டுக்கொடுக்கக் கற்றபோது, மற்றொரு துறை நோயுற்ற பல்லைக் காக்கக் கற்றது. இரண்டும் ஒன்றையொன்று கலந்துகொள்ளவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. நோயுற்ற பல்லைப் பிடுங்கி நலமான பல்லைக் காக்கலாம் என்ற எளிய கணக்கு இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் தோன்றும்.

3. எக்ஸ்-கதிர் காட்டிய வேர்

பிரிந்த துறைகளை மீண்டும் ஒரு பொருளைப் பார்க்கச் செய்தது ஒரு கருவி. 1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தம் வாயிலேயே பற்களின் முதற்படத்தை எடுத்தார். அதற்கு 25 நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. நியூ ஆர்லியன்சின் எட்மண்ட் கெல்ஸ் அதை அன்றாட மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். கதிரின் தீமை அறியப்படாத அக்காலத்தில் அவருடைய கைகள் கதிர்வீச்சால் சிதைந்தன. 1928இல் அவர் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

அதுவரை சீரமைப்பாளர் ஈறுக்கு மேலிருந்த பல்லையே பார்த்தார். படம் வந்தபின் ஈறுக்குக் கீழுள்ளதும் தெரிந்தது. 1927இலும் 1929இலும் டென்வரைச் சேர்ந்த ஆல்பர்ட் கெச்சம், சீரமைப்புப் பெற்றவர்களின் படங்களை ஆராய்ந்து, அழகாக வரிசைப்பட்ட பற்களில் சிலவற்றின் வேர்முனைகள் குறுகிப்போயிருப்பதை வெளிப்படுத்தினார். துறைக்குள் இது பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. நலமான பல்லுக்கே இக்கதி எனில், முன்பே அடிபட்ட பல்லின் கதி என்ன என்ற அச்சம் இயல்பாக எழுந்தது. அடிபட்ட பல்லையும் வேர்சிகிச்சை செய்த பல்லையும் நகர்த்தாதே என்ற எச்சரிக்கை நெடுங்காலம் வாய்மொழி விதியாக நிலவியது.

இதற்கிடையே வேரைச் சுற்றி நிகழ்வதை நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் இருந்தனர். 1904, 1905 ஆண்டுகளில் சுவீடனின் கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களை நகர்த்தி ஆராய்ந்தார். அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுவிசை விழும் பக்கத்தில் எலும்பு புதிதாகப் படிகிறது. அழுத்தம் மிகும்போது பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நார்ப்படலம் இரத்த ஓட்டமற்று உயிரணுக்களை இழந்து கண்ணாடி போலாகிறது. அங்கே எலும்பு நேரடியாகக் கரைவதில்லை, பின்புறமிருந்து குடையப்படுகிறது. 1932இல் ஆஸ்திரியாவின் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ், உகந்த விசை நுண்நாளங்களின் இரத்த அழுத்தத்தை மிஞ்சக் கூடாது என்றார். 1951இல் நார்வேயின் கோரெ ரைட்டன் இத்திசு மாற்றங்களை விரிவாக ஆவணப்படுத்தினார்.

இவ்வாய்வுகளின் உட்பொருளை உடனே உணர்ந்தவர் சிலரே. பல்லை நகரச் செய்வது அதன் உள்ளிருக்கும் பற்கூழ் அன்று. வேரின் வெளியே சூழ்ந்திருக்கும் நார்ப்படலமே. பற்கூழ் இறந்த பல்லை உயிரற்ற பல் என்று அழைப்பதே பாதி உண்மை. அதன் நார்ப்படலம் உயிருடன் இருக்கும்வரை அது எலும்போடு உறவாடிக்கொண்டே இருக்கிறது. 1955இல் ஹ்யூட்னரும் யங்கும் ரீசஸ் குரங்குகளில் உயிருள்ள பற்களையும் பற்கூழ் நீக்கிய பற்களையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரேபோல நகர்வதைக் காட்டினர். மனிதர்களில் முடிவுகள் முற்றிலும் ஒன்றுபடவில்லை. 1974இல் விக்வயர் குழுவினர் வேர்சிகிச்சை பெற்ற பற்கள் நன்கு நகர்வதையும், ஆனால் அவற்றில் வேர்த்தேய்வு கூடுதலாகத் தென்படுவதையும் பதிந்தனர். 1990இல் ஸ்பரியர் குழுவினர் உயிருள்ள பற்களே சற்று அதிகம் தேய்வதாகக் கண்டனர். நகர்த்த முடியுமா என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. எப்போது, எந்நிலையில் நகர்த்தலாம் என்ற வினா எஞ்சியது.

4. கோபன்ஹேகனும் ஸ்டாக்ஹோமும்

அவ்வினாவுக்கு விடை விபத்துப் பிரிவிலிருந்து வந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய யென்ஸ் ஆந்திரியாசன், பல் காயங்களைத் தனி ஆய்வுப் பொருளாக்கினார். 1966இல் அவரும் யோர்ட்டிங்-ஹான்சனும் மீண்டும் நடப்பட்ட 110 பற்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு இன்றும் அடித்தளமாக உள்ளது. விழுந்த பல் 30 நிமிடங்களுக்குள் குழிக்குத் திரும்பினால் 90 விழுக்காட்டில் வேர்த்தேய்வு தென்படவில்லை. இரண்டு மணி நேரம் கடந்தால் 95 விழுக்காட்டில் தேய்வு நேர்ந்தது. முடிவை நிர்ணயித்தது பற்கூழின் சாவு அன்று, வேரின் மேல் ஒட்டியிருந்த நார்ப்படல உயிரணுக்கள் உலர்ந்து இறந்ததே.

அதே ஆய்வுத்தொடர் வேர்த்தேய்வை மூவகையாகப் பிரித்தது. முதலாவது மேற்பரப்புத் தேய்வு: சிறு காயம், தானாகவே ஆறும். இரண்டாவது அழற்சித் தேய்வு: வேரின் மேலுறையான சிமென்டம் சேதமுற்றிருக்க, உள்ளே இறந்த பற்கூழில் நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றின் நச்சு டென்டீனின் நுண்குழல்கள் வழியே வெளியே கசிந்து, வேரை விரைவாகத் தின்னும். மூன்றாவது பதிலீட்டுத் தேய்வு: நார்ப்படலம் இறந்த இடத்தில் எலும்பு நேரே வேரைத் தொட்டு, பல்லைத் தன் பகுதியாகவே கருதிச் சிறிது சிறிதாக எலும்பாக மாற்றிவிடும்.

சீரமைப்பாளருக்கு இவ்வகைப்பாடு ஒரு வரைபடமாயிற்று. முதல் வகையுள்ள பல்லைப் பொறுத்திருந்து நகர்த்தலாம். இரண்டாம் வகையுள்ள பல்லை நகர்த்தினால், அழுத்தம் சிமென்டத்தில் உண்டாக்கும் ஒவ்வொரு புதுக்காயமும் உள்ளிருக்கும் நச்சுக்கு மற்றொரு வாசலாகும். ஆகவே முதலில் வேர்சிகிச்சை, பிறகே கம்பி. மூன்றாம் வகையுள்ள பல்லை நகர்த்த முயல்வதே வீண். அது எலும்போடு ஒட்டிவிட்டது, அதை இழுத்தால் அண்டைப் பற்களே அதை நோக்கி இழுபடும்.

நுண்ணுயிரே மையக் காரணம் என்பதற்கும் இக்காலத்தில் வலுவான சான்று கிடைத்தது. 1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகியோர் நுண்ணுயிரற்ற சூழலில் வளர்ந்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டனர். அது அழுகவில்லை, மாறாகப் புதிய டென்டீனால் மூடிக்கொண்டது. 1976இல் சுவீடனின் சுண்ட்க்விஸ்ட், அடிபட்டு இறந்தாலும் மேற்பகுதி முறியாத பற்களை ஆராய்ந்தபோது, வேர்முனையில் எலும்பு அழிந்த பற்களில் மட்டுமே நுண்ணுயிர்கள் இருந்தன. பற்கூழ் இறப்பது வேறு, தொற்றுக்கு உள்ளாவது வேறு. குவியத் தொற்றுக் கொள்கை இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால்தான் கணக்கற்ற பற்கள் பலியாயின. தொற்றைக் கட்டுப்படுத்த, 1920இல் ஹெர்மன் அறிமுகப்படுத்திய கால்சியம் ஹைட்ராக்சைடு புதுவாழ்வு பெற்றது. ஸ்டாக்ஹோமின் மியோமிர் ஸ்வெக் அதைக் கொண்டு வேர் முழுமையுறாத இளம் பற்களையும் காக்கலாம் எனக் காட்டினார்.

1982இல் ஒல்லே மால்ம்கிரென் குழுவினர் இரு துறைகளையும் நேரடியாக இணைக்கும் ஆய்வை வெளியிட்டனர். அடிபட்ட வெட்டுப்பற்களைச் சீரமைப்புக்கு உட்படுத்தி, அடிபடாத பற்களோடு ஒப்பிட்டனர். தொடக்கத்தில் தேய்வின் அறிகுறி இல்லாத பல், அடிபட்டது என்ற காரணத்தால் மட்டும் அதிகம் தேய்வதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. வாய்மொழி அச்சத்தின் இடத்தைத் தேர்வுமுறை ஒன்று பிடித்துக்கொண்டது.

5. அடிலெய்டில் ஒரு திருப்பம்

அதுவரை வினா ஒருபக்கமாகவே இருந்தது: காயமுற்ற பல் சீரமைப்பைத் தாங்குமா? 1973இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹெய்தர்சே வினாவைத் திருப்பினார்: சீரமைப்பால் காயமுற்ற பல்லைக் காக்க முடியுமா? பல் குறுக்காக முறிந்து, முறிவு எலும்பின் விளிம்பை ஒட்டியோ அதற்குக் கீழோ நின்றால், மேலே செயற்கை உறை பொருத்த இடமில்லை. அத்தகைய வேர்கள் பிடுங்கப்பட்டன. ஹெய்தர்சே அவ்வேருக்கு வேர்சிகிச்சை செய்து, அதில் பிடிப்பு ஒன்றைப் பொருத்தி, மெல்லிய விசையால் சில மில்லிமீட்டர்கள் வெளியே இழுத்தார். முறிவின் விளிம்பு ஈறுக்கு மேலே வந்தது; சில வாரங்கள் அசையாமல் நிறுத்தியபின் உறை பொருத்தப்பட்டது. அவருடைய கட்டுரைத் தலைப்பே வேர்சிகிச்சையையும் சீரமைப்பையும் சேர்ந்த சிகிச்சை என்று பெயரிட்டழைத்தது.

அதன்பின் இம்முறை கிளைத்தது. எலும்புக்குள் குத்திட்டு இறங்கிய முன்பல்லைக் கம்பியால் மெல்ல வெளிக்கொணர்தல் வழக்கமாயிற்று. 1974இல் ஆஸ்லோவின் ஸ்லாக்ஸ்வோல்டும் பியெர்க்கெயும், வேர் பாதி வளர்ந்த முன்கடைவாய்ப் பல்லைப் பெயர்த்து வேறிடத்தில் நடும் முறையை ஆவணப்படுத்தினர்; சீரமைப்புக்காக அகற்ற வேண்டியிருந்த பல், விபத்தில் இழந்த முன்பல்லின் இடத்தில் வளர்ந்தது. 1984இல் பார்பரா மால்ம்கிரெனும் ஸ்வெக்கும் உடனாசிரியர்களும், எலும்போடு ஒட்டிய பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டி, வேரை எலும்பாக மாறவிடும் முறையை முன்வைத்தனர். வளரும் குழந்தையின் தாடை எலும்பு அதனால் காக்கப்படுகிறது. பிற்காலச் சிகிச்சைக்கு இடம் எஞ்சுகிறது. 1940இல் தோன்றாமற்போன எளிய கணக்கும் இப்போது செயலுக்கு வந்தது: மீள வாய்ப்பில்லாத வெட்டுப்பல்லோ, சொத்தையால் சிதைந்த கடைவாய்ப்பல்லோ இருக்கும் வாயில், இடம் வேண்டி நலமான பல்லைப் பிடுங்குவதற்குமுன், கெட்ட பல்லையே அகற்றி அவ்விடத்தைப் பயன்கொள்ள முடியுமா என்று ஆராய்வது திட்டமிடலின் பகுதியாயிற்று.

பொருளியல் மாற்றமும் இதற்குத் துணைநின்றது. முன்பு பல்லைச் சுற்றி உலோக வளையத்தை அழுத்திப் பொருத்த வேண்டியிருந்தது. ஆடும் பல்லில் அது புதுக்காயம். 1955இல் புயனகோர் எனாமலை அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் வழியைக் காட்டினார். 1965இல் நியூமன் பிராக்கெட்டைப் பல்லின்மேல் நேரே ஒட்டும் முறையை வெளியிட்டார். ஆடும் பல்லை அதிராமல் தொட இது வழிசெய்தது. 1970களின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆந்திரியாசன், நிக்கல்-டைட்டேனியம் கம்பியைக் கொண்டுவந்தார்; மெல்லிய விசையை நெடுநாள் செலுத்த அது உதவியது. அடிபட்ட பல்லை இறுக்கமாகக் கட்டும் பழைய வழக்கமும் மாறி, சிறிதளவு இயல்பான அசைவை அனுமதிக்கும் மெல்லிய கட்டு நெறியாயிற்று. செல்சஸின் பொன் கம்பி சீரமைப்பாளரின் கம்பியாக மறுபிறவி எடுத்தது எனலாம்.

6. இந்தியா ஏற்றுக்கொண்ட பிரிவுகள்

இந்தியாவின் நவீன பல் மருத்துவக் கல்வி, துறைகள் உலகளவில் பிரிந்து நின்ற காலத்தில் பிறந்தது. கிழக்கு வங்கத்தில் 1890இல் பிறந்த ரஃபியுதீன் அகமது, 1915இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றி, 1919இல் நாடு திரும்பினார். 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் செலவுக்கு அவர் நடத்திய குளிர்பானக் கடையின் வருவாயும் உதவியது. 1928இல் பல் காப்புச் சிகிச்சை குறித்து மாணவர் கையேடு ஒன்றை எழுதினார். 1949இல் கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். குழந்தைகள் மருத்துவமனையில் பயின்ற ஒருவர், பற்களைக் காக்கும் கலையைத் தம் முதன்மை அக்கறையாகக் கொண்டது தற்செயலாக இருக்க முடியாது. குவியத் தொற்றுக் கொள்கை உச்சத்தில் இருந்த பத்தாண்டு அது என்பதையும் மறக்கலாகாது.

விடுதலைக்குப் பின் 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1949இல் இந்தியப் பல் மருத்துவக் குழு அமைந்தது. முதுநிலைக் கல்வி விரிந்தபோது மேலைநாட்டுப் பிரிவுகளே பாடப்பிரிவுகளாயின: காப்புப் பல் மருத்துவமும் வேர்சிகிச்சையும் ஒன்று, சீரமைப்பும் தாடை வளர்ச்சி நெறிப்படுத்தலும் ஒன்று, குழந்தைப் பல் மருத்துவம் ஒன்று. சீரமைப்பில் அடிலெய்டின் ரேமண்ட் பெக் வகுத்த மெல்விசை முறை இந்தியக் கல்லூரிகளில் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. அதே நகரத்தின் ஹெய்தர்சே வேறொரு துறையின் பாடநூலில் வேறொரு தேர்வுக்குப் படிக்கப்பட்டார். ஒரே நகரின் இரு பங்களிப்புகள் இந்திய மாணவரை இரு வாசல்கள் வழியே வந்தடைந்தன.

பிரிவுகள் தம்மளவில் தீமையல்ல. ஆழ்ந்த பயிற்சிக்கு அவை தேவை. ஆனால் நோயாளி பிரிவுகளாக வருவதில்லை. முன்பல் அதிகம் துருத்தியிருக்கும் குழந்தைக்கு, அதாவது எத்துப்பல் உள்ள குழந்தைக்கு, முன்பல் காயமுறும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்பதை 1999இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. துருத்தல் 3 மில்லிமீட்டரைத் தாண்டுவதே அதன் அளவுகோல். எனவே சீரமைப்பு தேவைப்படும் குழந்தையும் பல் அடிபடும் குழந்தையும் பெரும்பாலும் ஒரே குழந்தை. அடிபட்ட முன்பல் வலிக்காதவரை வீட்டார் அதைப் பொருட்படுத்துவதில்லை. நிறம் மாறிச் சீழ் கட்டியபின், அல்லது ஆண்டுகள் கழித்துக் கம்பி போட வரும்போதுதான் பழைய காயம் வெளிப்படுகிறது. அப்போது முதலில் பார்ப்பவர் சீரமைப்பாளர். அவர் படம் எடுக்காமல், பற்கூழைச் சோதிக்காமல், பழைய விபத்தைப் பற்றிக் கேட்காமல் கம்பியைப் பொருத்தினால், அமைதியாக இருந்த தொற்றும் தேய்வும் வேகம்பெறலாம். பின்னர் அதன் காரணம் விபத்தா, தொற்றா, கம்பியா என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. பழி ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்கு நகரும். பல் மட்டும் திரும்பி வராது.

7. வரலாறு வகுத்த வரிசை

இந்த நூற்றாண்டுக்காலப் பட்டறிவு இன்று சில நடைமுறை நெறிகளாகத் திரண்டுள்ளது. 1989இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பல் காயவியல் சங்கம் 2001 முதல் வழிகாட்டுதல்களை வெளியிட்டுத் திருத்தி வருகிறது. 2020 பதிப்பு அவற்றுள் ஒன்று. பொதுவாகப் பின்பற்றப்படும் காத்திருப்புக் காலங்கள் இவை: எனாமலும் டென்டீனும் மட்டும் உடைந்த சிறு காயத்துக்கு ஏறத்தாழ 3 மாதங்கள், இடம்பெயர்ந்த பல்லுக்குக் காயத்தின் கடுமைக்கேற்ப 6 மாதங்கள் முதல் ஓராண்டு, பிடுங்குண்டு மீண்டும் நடப்பட்ட பல்லுக்கு ஓராண்டு, வேர் முறிந்த பல்லுக்கு முன்பு இரண்டாண்டுகள், பின்னர் ஓராண்டு வரை குறைத்துப் பேசப்படுகிறது. வேர்முனையில் தொற்று இருந்த பல்லில், வேர்சிகிச்சைக்குப்பின் எலும்பு மீள்வதன் அறிகுறி படத்தில் தென்படும்வரை காத்திருப்பதே நெறி.

இவ்வெண்களை மனனம் செய்வதைவிட அவற்றின் காரணத்தை உணர்வது மாணவருக்குப் பயன் தரும். ஒவ்வொரு காலமும் ஒரு வினாவுக்கு விடை கிடைக்கத் தேவையான காலமே: நார்ப்படலம் உயிருடன் உள்ளதா, வேரினுள் நுண்ணுயிர் இல்லையா, எலும்பு வேரோடு ஒட்டிவிட்டதா? மின்சோதனையும் குளிர்ச்சோதனையும் காயத்துக்குப்பின் பல மாதங்கள் தவறான விடை தரக்கூடும். பல் நகரும்போதும் அவற்றின் விடை மாறுபடும். ஆகவே ஒரே சோதனையைக் கொண்டு தீர்மானிக்காமல், படங்களையும் சோதனைகளையும் தொடர்ந்து ஒப்பிட வேண்டியுள்ளது. சீரமைப்பின் நடுவே வேர்சிகிச்சை தேவைப்பட்டால் கம்பியின் விசையை நிறுத்தி, கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற மருந்தால் தொற்றை அடக்கி, ஆறியபின் தொடரலாம். காயமுற்ற பல்லுக்கு மெல்லிய விசை, குறுகிய தொலைவு, இடைவெளிவிட்டுப் படம் என்பன பொதுவான எச்சரிக்கைகள்.

இவை அனைத்திலும் எந்த ஒரு துறையும் தனித்து முடிவெடுக்க இயலாது. எப்போது தொடங்குவது என்பதை வேர்சிகிச்சையாளரின் படமும், எவ்வளவு நகர்த்துவது என்பதைச் சீரமைப்பாளரின் கணக்கும், எதுவரை காத்திருக்கலாம் என்பதைக் குழந்தையின் வளர்ச்சியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. 2023ஆம் ஆண்டின் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெறுவதற்காக இயற்றப்பட்டது. பாடத்திட்டங்கள் மறுபடி எழுதப்படும் இவ்வேளையில், காயமுற்ற பல்லுக்கான கூட்டுத் திட்டமிடலை மூன்று துறை மாணவரும் ஒரே நோயாளியின் முன் ஒன்றாகக் கற்கும் பாடமாக வைப்பதற்குத் தனிக் கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. ஒரே குறிப்பேடும், விபத்து நாளிலிருந்து வரிசையாக வைக்கப்பட்ட படங்களும் போதும்.

பல்லின் உயிர் அதன் உள்ளே இருக்கிறது என்று ஒரு துறை நம்பியது. பல்லின் ஒழுங்கே முதன்மை என்று மற்றொரு துறை நம்பியது. இரண்டுக்கும் நடுவே, கால் மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று இருதரப்பின் வெற்றி தோல்விகளையும் தீர்மானித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுகொள்ள இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி செலவாயிற்று. கண்டுகொண்டதைக் கற்பித்தலில் நிலைநிறுத்தும் பணி இன்னும் முடியவில்லை.